நாலு விரற்கடை

மஹ்ஜபீனுக்கு இடது கால் சிறுவயதிலேயே சூம்பிவிட்டது. ஆனால் தோல் பதனிடும் ஷாப் வாசலில் மதியச் சோறு விற்கும் பிக்கப் வண்டி அவளுடையது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அவள் பெயர்தான். தம்பி நாசர் ஓட்டுவான், அவ்வளவே.

வண்டி வாங்கிய புதிதில் அவளால் முன் சீட்டுக்கு ஏற முடியவில்லை. நாசர்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைப்பான். ஷாப் ஆட்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணை மூட்டை மாதிரி தூக்கினால் யாருக்குத்தான் உடம்பு கூசாது? அந்த எரிச்சலில்தான் மெக்கானிக் பெருமாள்சாமியிடம் போய், முன்பக்க ஸ்பிரிங்கை அறுத்து வண்டியை நாலு விரற்கடை இறக்கச் சொன்னாள். அன்றிலிருந்து கதவுக் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினாள். மூன்று வருஷம் ஒருத்தர் தயவும் தேவைப்படவில்லை.

அறுத்த ஸ்பிரிங் எத்தனை நாளைக்குத் தாங்கும்? புஷ் தேய்ந்து, பால் ஜாயின்ட் ஆடி, வேகத்தடைக்கு வேகத்தடை தால்ச்சாக் குழம்பு தளும்பிக் கொட்டியது.

"அறுத்தது என் தப்புதேன் தங்கச்சி," என்றார் பெருமாள்சாமி. "இப்பக் குட்டையான ஸ்பிரிங்கே தனியா வருது. அதுக்கேத்த ஷாக் அப்சர், புது புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் போட்டு முன்பக்கத்தையே புதுசாக்கிருவோம்."

"உசரம் மட்டும் மாறக் கூடாதுண்ணே. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"அட, எனக்குத் தெரியாதா?"

ஸ்பிரிங்கை அவளே வாங்கிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனாள். நாசர் முன்னமே வந்திருந்தான். வண்டி நிமிர்ந்து நின்றது. கதவைத் திறந்து காலைத் தூக்கினாள், எட்டவில்லை. கம்பியைப் பிடித்து எம்பினாள். செருப்பு வழுக்கியதுதான் மிச்சம்.

"என்னண்ணே இது?"

பெருமாள்சாமி திருதிருவென்று விழித்தார். "தம்பிதானே நேத்து வந்து, அறுக்குறதுக்கு முந்தின உசரத்துக்கே ஏத்தச் சொல்லுச்சு. வேற ஸ்பிரிங்கும் தம்பியே வாங்கியாந்துச்சு. நீயும் சரின்னுட்டதா சொல்லுச்சே."

நாசர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "குஜிலியம்பாறைப் பக்கம் காலையில தக்காளி லோடு கிடைக்குதுக்கா. இம்புட்டுத் தாழ்வா இருந்தா தோட்டத்துப் பாதையில அடி தட்டும். நீ ஏறுறதுக்கென்ன, நான் தூக்கி விடுறேன்ல?"

தூக்கி விடுகிறானாம், பெரிய மனசுக்காரன்! ஆனால் அவனை விட்டுவிட்டுப் பெருமாள்சாமி பக்கம் திரும்பினாள்.

"என் நம்பர் ஒங்ககிட்ட இல்லையாண்ணே? ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போயிரும்?"

"ஆம்பள வந்து சொல்றப்ப, 'இரு, ஒங்கக்காகிட்ட ஒருக்கா கேட்டுக்கிறேன்'னா, தம்பிக்கு மரியாதையாவா இருக்கும்?"

அவள் வாங்கிக் கொடுத்த ஸ்பிரிங் இரண்டும் பிரிக்காத பெட்டியில் சுவரோரம் கிடந்தன.

"கழட்டுங்க," என்றாள். சுவரோரப் பெட்டியைக் காட்டினாள். "அதை எடுத்து மாட்டுங்க, இன்னைக்கே. எம்புட்டு நேரமானாலும் இங்கனயே உக்காந்திருக்கேன். வண்டி என்னுது. நான் சொல்றேன்."

பட்டறையே வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

"சரி தங்கச்சி, சரி. நீ சொல்றதும் நியாயந்தேன்," என்று பெருமாள்சாமி ஜாக்கியை எடுத்து வண்டிக்கடியில் தள்ளினார். பிறகு நிமிர்ந்து நாசரைப் பார்த்தார்.

"என்ன தம்பி, எறக்கிரவா?"