குப்பை எழுத்து

"இதுக்கு ரேம் கூட்டிப் போட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடும்லா, நாகையா."

"மெஷின் ஓடும். நீ மொதல்ல என் கடை மாடிப்படிய நிக்காம ஏறு."

சபாபதி அன்று சிரித்த சிரிப்பு நாகையாவின் காதில் இன்னும் இருந்தது. அடுத்த வாரம் இதய ஆபரேஷனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் நாகையாவின் கம்ப்யூட்டர் கடை மாடியில் வந்து உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி சந்திரகலா. கிள்ளானில் ஓர் அச்சகத்தில் தமிழ் டைப் அடிப்பவள்.

"எல்லாம் புதுசா மாத்துங்க. வீட்டுலயே வேலை செய்யப் போறேன். ஆனா உள்ள இருக்கிறது ஒண்ணும் போயிடக் கூடாது."

முன்பெல்லாம் வாய் நிறைய 'அண்ணே' என்பாள். சில மாதங்களாக அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். அதன் இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. அந்தக் காலி இடத்தை நம்பித்தான் நாகையா ஒரு கேள்வியைச் சுமந்து திரிந்தான். சபாபதி பெண் பார்க்கப் போவதற்கும் முன்னால், கிள்ளான் பஸ்ஸில் அவளைக் கண்ட நாளில் பிறந்த கேள்வி. இப்போது கேட்கலாம். ஆனால் செத்துப்போன சிநேகிதனின் மனைவியிடம் எந்த முகத்தோடு கேட்பது?

கீபோர்டைக் கழற்றித் தூக்கினான். அடியில் மாவு போல வெள்ளையாகப் படிந்திருந்தது. தொட்டு முகர்ந்தான். திருநீறு. குனிந்து டைப் அடிக்கையில் சபாபதியின் நெற்றியிலிருந்து உதிர்ந்தது. ஊதித் தள்ள மனம் வரவில்லை. அதை அப்படியே விட்டு ரேமைப் பொருத்தினான். ஹார்ட் டிஸ்கை மாற்றி, விண்டோஸ் 95 ஏற்றி, பழைய ஃபைல்களைக் கொண்டுவந்து சேர்த்தான். வெளியே நல்ல மத்தியான வெயில். ஆனாலும் திரை வெளுத்தபோது, அறையில் மூன்றாவதாக ஓர் ஆள் மூச்சு விடுவது போலிருந்தது. டிஸ்க் சுற்றுகிற சத்தம்தான் என்று சொல்லிக்கொண்டான்.

கடைசி ஃபைலைத் திறந்தான். ehifah என்று தொடங்கித் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

"கெட்டுப்போச்சு. குப்பை. அழிச்சிடவா?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். "குப்பையா? தமிழ்லா இது. தமிழ் எழுத்த நீங்க ஏத்தல, அதான் இங்கிலீஷா காட்டுது. பெரிய கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கீங்க, இது தெரியல. எந்தக் கீ தட்டுனா எந்த எழுத்து வரும்னு டைப்ரைட்டர் காலத்துலருந்து பதினஞ்சு வருசமா என் விரலுக்குத் தெரியும்."

திரையில் விரலை வைத்தாள்.

"நா... கை... யா. ஒங்க பேரு."

நாகையா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

எழுத்துக் கூட்டுவதிலேயே கவனமாக இருந்தவள் பொருளைக் கவனிக்கவில்லை. போகப்போக வேகம் பிடித்தது. நின்று நின்று இழுக்கும் சபாபதியின் பேச்சு அவள் வாயிலிருந்து அப்படியே வந்தது.

"நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்குலா. நீ ஏன் கல்யாணம் கட்டிக்கலன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். கோவமில்ல. நான் திரும்பி வரலேன்னா..."

விரல் நின்றது.

"போதும், சந்திரகலா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. இப்போது மிக மெதுவாக.

"சந்திரகலாவ... நீ... கட்டிக்க, நாகையா. வெக்கப்படாம... அவகிட்ட கேளு."

கடைசி எழுத்தின் மேல் அவள் விரல் அழுந்தியிருந்தது. அழுந்திய இடத்தைச் சுற்றித் திரை குழைந்து, எழுத்துகள் தண்ணீர் பட்ட மை போலக் கலங்கின.