சாய்வு வைத்த வண்டி

உலகத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் அது உட்காருகிற இடத்தில்தான் தொடங்குகிறது என்பது சீட்காரரின் நம்பிக்கை. பக்கத்துக் கடைக்காரருக்குத் தலைவலி என்றால், "நாற்காலிய மாத்துங்க" என்பார். மைத்துனர் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தபோதும் அவர் முதலில் விசாரித்தது, ஆபீஸில் எப்படிப்பட்ட நாற்காலி போட்டிருந்தார்கள் என்பதைத்தான். வாலிபத்திலிருந்து மோட்டார்சைக்கிள் சீட்டுக்கு ஸ்பாஞ்சு வெட்டி, ரெக்சின் இழுத்துத் தைத்துப் பிழைக்கிற மனுஷர். அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

அதனால்தான் மனைவி ஒரு நாள், "எனக்கு இடுப்பு வலிக்குது, இனிமே வண்டியில பின்னாடி உக்கார முடியாதுங்க" என்று சொன்னதும் அவர் டாக்டரைத் தேடவில்லை. ஸ்பாஞ்சு வெட்டுகிற கத்தியைத் தேடினார்.

கல்யாணமான நாளிலிருந்து விடுமுறை என்றால் இருவரும் வண்டியில் கிளம்பிவிடுவார்கள். அணைக்கட்டு, மலைப்பாதை, கடற்கரை என்று கணக்கே இல்லை. ஃபிளாஸ்க்கில் டீ, ஒரு பழைய துண்டு, அவ்வளவுதான் மூட்டை. பின்னால் உட்கார்ந்த அம்மாள் வழி நெடுக வாய் மூட மாட்டாள். "பள்ளம் வருது." "நாய், நாய்." "லாரிக்காரன் திரும்புறான், மெதுவா." கடைசி ஒன்றிரண்டு வருஷத்தில் இந்தத் தொணதொணப்பு ரொம்பவே கூடிவிட்டது. "நான் ஓட்டுறேனா நீ ஓட்டுறியா?" என்று அவர் சிரிப்பார். அந்தக் குரல் நின்றுபோகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

நின்றுபோனது. வண்டியில் மட்டுமல்ல, வீட்டிலும் அவள் பேச்சு குறைந்துவிட்டது. கீழே பட்டறை, மேலே வீடு. முன்பெல்லாம் மாடியிலிருந்து குரல் இறங்கி வந்துகொண்டே இருக்கும். இப்போது பாத்திரச் சத்தம்தான் கேட்கிறது. தனியாக வண்டியை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை. நகரத்துக்குள் சாமான் வாங்கப் போய்வருவதோடு சரி.

அவர் சும்மா இருக்கவில்லை. பின் சீட்டை மெத்தென்று தைத்தார். "இல்லைங்க, வலிக்குது." கெட்டியாகத் தைத்தார். "வலிக்குது." அகலமாக்கினார், நடுவில் பள்ளம் பறித்தார், ஓரத்தை உயர்த்தினார், முதுகுக்கு ஒரு தலையணையைக் கம்பியில் கட்டினார். பார்க்கிறவர்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டாரா என்று கேலி பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் கீழே வந்து, ஏறி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் அதையே சொல்லிவிட்டுப் படியேறினாள். ஊர் முழுக்க எல்லோரையும் வசதியாக உட்கார வைத்தவருக்கு, கட்டின பெண்டாட்டியை உட்கார வைக்கத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை அவருக்கு.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற மகள் வாரம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பாள். "அம்மா இருக்கட்டும், நீங்களும் ஒரு தடவை எல்லா டெஸ்டும் எடுத்துக்கோங்கப்பா" என்றாள்.

"எனக்கென்ன? இந்த வயசுல கண்ணாடியத் தூக்கிப் போட்டுட்டு ஊசியில நூல் கோக்குறேன். உன் டாக்டர கோக்கச் சொல்லு பாப்போம்."

அதில் அவருக்குப் பெரிய கர்வம். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் கோர்த்துக் காட்டாமல் விட மாட்டார்.

போன வாரம் மனைவி சொன்ன ஒரு வார்த்தைதான் அவரை உலுக்கிவிட்டது. சோற்றைப் போட்டுக்கொண்டே, "அந்த வண்டிய வித்துடுங்களேன். இனிமே நமக்கு எதுக்கு?" என்றாள். அவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. இது வண்டியைப் பற்றிய பேச்சு இல்லை, இவளுக்கு வாழ்க்கையே விட்டுப்போய்விட்டது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஆளைப் பிடித்து உலுக்கி, என்ன ஆச்சு உனக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்பாரா? அவர்தான் எல்லாவற்றையும் சீட்டில் தேடுகிறவராயிற்றே.

வாடகைக்கு வேன் விடுகிற வேன்காரர் ஒருவரிடம், நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த ஒரு டூரிங் வண்டி விலைக்கு இருந்தது. சோபா மாதிரி அகலமான பின் சீட், முதுகுக்குச் சாய்வு, இரண்டு பக்கமும் கை வைக்க இடம், பாதத்துக்குப் பலகை. சீட்காரர் அதைக் கண்டதும் சாமியைக் கண்டவர் போல நின்றுவிட்டார். தொழில் தெரிந்தவன் செய்த சீட் அது.

"சாயங்காலம் இன்னொருத்தர் வர்றாரு. அதுக்குள்ள வந்தா உங்களுக்கு. இல்லன்னா என்னைத் திட்டாதீங்க" என்றார் வேன்காரர்.

பழைய வண்டி கைமாறினால்தான் புதியது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டார். கடைசியில் ஒரு கொரியர்காரர், கூடவே மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, இந்த பிரேக் கட்டைய நான்தானே மாத்துனேன்? அதுக்குள்ள எப்படி இரும்பு வரைக்கும் தேஞ்சுது? எதுக்க ஆளு வந்த பிறகுதான் பிடிப்பீங்களா?"

"இருக்கிறத சொல்லுப்பா. இல்லாதத சொல்லாத" என்று சீறினார் சீட்காரர். அடுத்த நிமிஷமே குரல் இறங்கிவிட்டது. "வேற எதுவும் குறை இல்லையே? தம்பி, நீங்க கேக்குற விலைக்கே தர்றேன்."

கொரியர்காரருக்கு விலையில் வருத்தம் இல்லை, சீட்டில்தான். "இந்தக் கட்டில் மேல என் பெட்டிய எப்படிங்க கட்டுறது? வேற வண்டி பாத்துக்குறேன்."

"நில்லுங்க தம்பி. போயிடாதீங்க. இப்பவே பிரிச்சுத் தர்றேன்."

தான் தைத்த தையலைத் தானே பிரித்தார். மனைவிக்காக யோசித்து யோசித்து வெட்டிய ஸ்பாஞ்சையெல்லாம் கொத்துக் கொத்தாகப் பிய்த்துத் தரையில் போட்டார். அவசரத்தில் கத்தி விரலில் இறங்கியது. ரத்தத்தைத் துணியில் துடைத்துவிட்டுத் தட்டையாக ஒரு பலகை சீட்டைத் தைத்து முடித்தார். கண் கலங்கியிருந்தது. ரெக்சின் பசை வாடை என்று சொல்லிக்கொண்டார். கொரியர்காரர் உதைத்துக் கிளப்பியபோது சீட்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோ பிடித்து வேன்காரர் வீட்டுக்கு ஓடினார்.

கையில் வந்தது போதவில்லை. மிச்சத்துக்கு வேன்காரரின் இரண்டு வேன்களுக்கும் எல்லா சீட்டையும் கூலி இல்லாமல் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

"மாசக்கணக்கா இழுக்குமே அந்த வேலை. அப்படி என்னங்க அவசரம்?" என்று வேன்காரருக்கே சங்கடமாகிவிட்டது.

"எங்க வீட்டுல அவ உக்காரணும்" என்றார் சீட்காரர். சொல்லிக்கொண்டே சாவிக்குக் கையை நீட்டினார்.

வழியில் ஒரு திருப்பத்தில் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். கனமான வண்டி, பழக நாலு நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டார். வெயில் சாயத் தொடங்கியபோது பட்டறை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். மனைவி இறங்கி வந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று எண்ணினார் அந்த மனுஷர்.

"ஏறு. சும்மா உக்காந்து பாரு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். முதுகு சாய்வில் பட்டது. அவர் முன்னால் உட்கார்ந்து, என்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

அவள் கை வைக்கிற இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இதுலயும் வலிக்குதா?" அவர் குரல் உடைந்துவிட்டது. "வலிச்சா சொல்லிடும்மா. இதுக்கு மேல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. என் மேல ஏதாவது கோபமா? அதையாவது சொல்லு. நீ பின்னாடி இல்லாம எனக்கு ஓட்டவே தெரியலடி."

அவள் அவர் தோளில் கை வைத்தாள்.

"வலி இல்லைங்க."

"இல்லையா? அப்போ இந்த சீட்டு சரியா வந்துடுச்சா?"

"எந்த சீட்டுலயும் வலிச்சதில்ல. எனக்கு இடுப்புல ஒண்ணுமே இல்ல."

அவர் திரும்ப முயன்றார். அவள் தோளை அழுத்திப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும்.

"கடைசியா அணைக்கட்டுக்குப் போயிட்டு வந்தோமே, அன்னைக்கு நான் ஃபிளாஸ்க் மூடிய திருகிட்டு குனிஞ்சிருந்தேன். ஒரு நிமிஷந்தான். நிமிந்து பாத்தா, ஒரு பொம்பள குழந்தையத் தூக்கிட்டு ரோட்டோரமா விழுந்து கிடக்குறா. நீங்க உரசிட்டு வந்திருக்கீங்க. அடி படல, எந்திரிச்சு நின்னு அழுதா. உங்களுக்கு அது தெரியவே இல்ல. காத்து பலமா அடிக்குதுன்னு என்கிட்ட சொன்னீங்க."

"என்ன உளறுற? நானா?"

"பள்ளம், நாய்னு நான் வாய் ஓயாம சொன்னது எதுக்குன்னு நெனைச்சீங்க? அதுக்கப்புறம் எனக்குத் தெம்பு இல்லைங்க. நான் கண் அசந்தா யாராவது செத்துப் போவாங்கன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. கண்ணு தெரியலன்னு உங்ககிட்ட சொல்லவும் மனசு வரல. நான் வரலைன்னா நீங்களும் தூரமாப் போக மாட்டீங்கன்னு நெனைச்சேன். இப்படி எனக்காக எல்லாத்தையும் குடுத்துட்டு இவ்வளவு பெரிய வண்டியக் கொண்டுவந்து நிறுத்துவீங்கன்னு நெனைக்கல."

சீட்காரருக்குக் கோபம் வந்தது. "எனக்கா கண்ணு தெரியல? ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன் நான்."

"கைக்கெட்டுற தூரத்துல தெரியும். தெருக்கோடியில யாரு நிக்கிறா, பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தெரு பழுப்பாக நீண்டு, போகப் போகக் கரைந்திருந்தது. சாயங்கால வெளிச்சம் அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"யாரும் இல்ல. விளக்குக் கம்பம்."

"கம்பத்துக்குப் பக்கத்துல."

"ஏதோ மூட்டை வச்சிருக்கு."

பின்னால் அவள் அழுவது அவர் முதுகில் தெரிந்தது.

"அது நம்ம மகதாங்க. புது வண்டியப் பாத்துட்டு அப்போலேருந்து உங்களுக்குக் கையாட்டிக்கிட்டு நிக்கிறா."

அவர் என்ஜினை அணைத்தார். பிறகு கையை உயர்த்தி, அந்தப் பழுப்பைப் பார்த்து ஆட்டினார்.