கறுப்பு கலக்காத கை

செயற்கைக் கை கால் செய்யும் அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளைக் கலவை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பியையும் மோட்டாரையும் வைத்து மற்றவர்கள் எலும்பைக் கட்டுவார்கள். அதன்மேல் போர்த்துகிற சிலிகான் தோலுக்குச் சாயம் கலக்குவது அவள் வேலை. பதினெட்டு வருஷம். கண்ணைக் கட்டிவிட்டாலும் கலக்குவேன் என்று பீற்றிக்கொள்வாள். அதில் பொய்யும் இல்லை. அலமாரியில் ‘தோல் நிறம்’ என்று சீட்டு ஒட்டிய பெரிய டப்பா ஒன்று. சிவப்பாக இருப்பவர்களுக்கு அதில் கொஞ்சம் வெள்ளை, கறுத்தவர்களுக்குக் கொஞ்சம் பழுப்பு. அவ்வளவுதான் சங்கதி.

அப்படியிருக்கும்போதுதான் பேக்கரிக்காரம்மா வந்தாள். கடல் தாண்டி எங்கோ தொலைவிலிருந்து வந்து பத்து வருஷமாக இங்கே ரொட்டி சுடுகிறவள். வாசல் நிலைக்குக் குனிந்து வரவேண்டிய உயரம். அவ்வளவு கறுத்த ஒருத்தியைக் கலவை அக்கா தெருவில் பார்த்திருக்கிறாளே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மாவு பிசைகிற மெஷின் அவளுடைய இடது கையை மணிக்கட்டோடு வாங்கிவிட்டிருந்தது. பேச்சு மட்டும் நம்மில் ஒருத்தி பேசுகிற மாதிரியே இருந்தது.

செயற்கைக் கைக்கான முதல் தோலுறை தயாரானது. டப்பாவில் இருந்ததிலேயே அடர்த்தியான பழுப்பு. பேக்கரிக்காரம்மா அதைத் தன் வலது கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

“அக்கா, இது யாரோட கை? அவங்க தேடிட்டிருக்கப் போறாங்க!”

பட்டறையே சேர்ந்து சிரித்தது. கலவை அக்காவுக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது.

“இதுக்கா இவ்வளவு யோசனை?” என்றார் சூப்பர்வைசர். “கறுப்பை ஊத்திக் கலக்குங்க. முடிஞ்சுது கதை.”

ஊற்றினாள். வந்தது சாம்பல் பூத்த ஒரு நிறம். உயிர் போன உடம்பின் நிறம். இரண்டாவது தடவை பேக்கரிக்காரம்மா சிரிக்கவில்லை. உறையை மேஜையில் வைத்தாள்.

“நான் உங்க கண்ணுக்கு இப்படியா தெரியறேன்?”

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.  கலவை அக்கா நாற்காலி ஒன்றை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“இங்க வந்து உக்காருங்கம்மா. கையைக் குடுங்க. நான் இன்னும் பாக்கவே இல்லைன்னு நெனைக்கிறேன்.”

காலை வெயில் நேராக விழுந்தது. அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கலவை அக்கா பார்த்தாள். கறுப்பு என்று நினைத்ததில் கறுப்பே இல்லை. மேலே காபிக்கொட்டையின் பழுப்பு. அதற்கு அடியில் செங்கல் சிவப்பு, ஊதப் போகிற தணல் மாதிரி. விரல் முட்டிகளில் கத்தரிப்பூ ஊதா. மணிக்கட்டின் உட்புறம் தேன் மஞ்சள், அதில் பச்சையாக ஓடிய ஒரு நரம்பு. கையைத் திருப்பினால் உள்ளங்கை இளஞ்சிவப்பு. ரேகைகள் மட்டும் மையால் இழுத்தாற்போல. புறங்கைப் பழுப்பும் உள்ளங்கைச் சிவப்பும் சந்திக்கிற ஓரத்தில் கோடு எதுவும் இல்லை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அம்மாடி!” என்றாள், தன்னையறியாமல்.

“என்னக்கா, ஏதாவது நோவா?”

“இல்லம்மா. இத்தனையும் ஒரு கையிலயா!”

டப்பாவை ஒதுக்கிவிட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வெறும் சாயங்களிலிருந்து ஆரம்பித்தாள். கறுப்பைத் தொடவில்லை. கண்ணாடித் தட்டில் கலந்து, ஒரு சொட்டு எடுத்துப் பேக்கரிக்காரம்மாவின் புறங்கையில் வைத்தாள். சேறு அப்பினாற்போல் தனியாகத் தெரிந்தது. துடைத்தாள். இன்னொன்று. பதினாறு, பதினேழு ஆயிற்று. பேக்கரிக்காரம்மாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இருபத்து மூன்றாவது சொட்டை வைத்துவிட்டுக் கண் சிமிட்டிப் பார்த்தால், சொட்டைக் காணோம். விரலால் தடவினாள், ஈரம் இருந்தது. நிறம் தோலோடு தோலாகப் போயிருந்தது.

இரண்டு பேரும் மூச்சுவிட மறந்து அந்த இடத்தையே பார்த்தார்கள்.

“அந்தப் பெரிய டப்பால என்ன எழுதியிருக்கு?” என்றாள் பேக்கரிக்காரம்மா.

“தோல் நிறம்னு.”

“யாரோட தோலு?”

கலவை அக்கா அதில் ஒரு சொட்டு எடுத்துத் தன் புறங்கையில் வைத்தாள். வெளிறிய பொட்டாக அது பளிச்சென்று நின்றது. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அதைத் தன் கையில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நெரிசல். மேல்கம்பியை ஒரு வரிசைக் கைகள் பற்றியிருந்தன. தினமும் இருந்தவைதான். இன்றைக்கு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு கிழவரின் வெளுத்த கையில் மணல் தூவினாற்போல் புள்ளிகள். பக்கத்தில் பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாக வெண்புள்ளி படர்ந்த கை. கோதுமை நிறம், மரப்பட்டை நிறம், பெயரே இல்லாத நிறங்கள். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கோயிலுக்குள் நிற்கிறவள் மாதிரி நின்றாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

வீட்டில் மகள் கண்ணாடி முன் நின்று கழுத்துவரை பவுடர் அப்பிக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிறவள். “சின்னவ கொஞ்சம் கலர் கம்மி” என்று உறவுக்காரர்களிடம் தானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் என்பது சுருக்கென்று தைத்தது. மகளின் கையைப் பிடித்து விளக்கடிக்கு இழுத்துப் போனாள்.

“என்னம்மா, ஜோசியம் பாக்கறியா?”

“பேசாம இருடி. இதுல செம்பு இருக்கு. இங்க பாரு, முழங்கை கிட்ட சந்தனம்.”

“மாநிறம்னு சொல்லுவியே?”

“ஒழுங்கா பாக்காம சொன்னேன்.”

மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தானும் குனிந்து பார்த்தாள்.

அடுத்த வாரம் உறை தயாரானது. “இடது கையில அடுப்பு சுட்ட தழும்பு ஒண்ணு இருந்துச்சு, அதையும் போடுங்கக்கா” என்று பேக்கரிக்காரம்மா கேட்டிருந்தாள். கட்டைவிரல் ஓரமாக அதுவும் இருந்தது. மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் மேஜைமேல் பரப்பினாள் பேக்கரிக்காரம்மா.

“ஒரே வயித்துல பொறந்ததுங்க மாதிரி இருக்கே!”

சூப்பர்வைசர்கூட எட்டிப் பார்த்து, “அட!” என்றார்.

ஆனால் கலவை அக்கா பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய நிஜமான வலது கையை. சந்தோஷத்தில் அதற்குள் ரத்தம் ஏறி, பழுப்புக்கு அடியில் சிவப்பு மெல்ல எழும்பியது. சிரிப்பு அடங்க, அதுவும் அடங்கியது. மறுபடி சிரித்தாள், மறுபடி எழும்பியது. இடது கையின் நிறம் மட்டும் அசையாமல் இருந்தது.

“என்னக்கா அப்படிப் பாக்கறீங்க?”

“இன்னொரு தடவை சிரிங்கம்மா,” என்றாள் கலவை அக்கா.