நான்கு அங்குலக் கடை

மருத்துவமனைக்கு எதிரே இருக்கிற இரவுக்கடைக்குள் போகிறவர்கள், வெளியே வரும்போது நான்கு அங்குலம் உயரமாக வருகிறார்கள். மறுபடி உள்ளே போனால் பழைய உயரம், வெளியே வந்தால் புது உயரம். பால் பாக்கெட் வாங்கினாலும் சரி, ஒன்றும் வாங்காமல் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வந்தாலும் சரி, கடை இந்த விஷயத்தில் ஆள் பார்ப்பதில்லை. இப்போது இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், வெங்காயம் விலை ஏறிய செய்தி மாதிரி "அப்படியா" என்று போய்விடுவார்கள். ஆனால் ஆரம்பத்தில் நடந்த கூத்து இருக்கிறதே, அது வேறு.

எல்லாம் ஒரு சட்டத்தால் வந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு கடையில் முகமூடிக்காரன் ஒருவன் புகுந்து கல்லாவை வழித்துக்கொண்டு போனான். ஆள் எப்படி இருந்தான் என்று போலீஸ் கேட்டதற்கு, கடையில் இருந்தவர் "பெரிய ஆள் சார்" என்றாராம். கத்தியோடு நிற்கிறவன் எவனும் பெரிய ஆளாகத்தானே தெரிவான்? அதற்குப் பிறகு, ராத்திரி பதினொன்றுக்கு மேல் திறந்திருக்கிற கடைகளுக்கெல்லாம் விதிகள் வந்து இறங்கின. கேமரா வேண்டும் என்றார்கள். கல்லாவில் அதிகம் வைக்காமல், தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும், அந்தப் பெட்டியைத் திறக்கக் கடைக்காரராலேயே முடியாது என்று வாசலில் எழுதியும் வைக்க வேண்டும். மேஜைக்கு அடியில் சத்தம் வராத அபாய பட்டன். வாசலில் கண் கூசும் விளக்கு. கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத் தாள்களையெல்லாம் கிழித்துவிட்டு, தெருவிலிருந்து பார்த்தால் கல்லா தெரியும்படி வைக்க வேண்டும் என்றும் ஒரு விதி. இதை எழுதிய புண்ணியவான் யாரோ, எங்கள் தெரு அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அதுவரை அந்தக் கடைக்குள் யார் என்ன வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நாங்களும் போய் ஏதாவது வாங்க வேண்டியிருந்தது.

அதைவிட ருசியான விதி இன்னொன்று: ராத்திரியில் கல்லாவில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும். அந்தக் கடையை நடத்துவது ஒரு புருஷன் பெண்டாட்டி. வீடு கடைக்குப் பின்னாலேயே, வீட்டு வாசல் பின்சந்தில். பகலெல்லாம் அந்தம்மா, ராத்திரியெல்லாம் அவர் என்று முறை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், சட்டத்தின் புண்ணியத்தில் முதல் முறையாக ஜோடியாக நின்றார்கள். அவருக்குத் தெருவில் பலகையண்ணன் என்று பெயர். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல்தான் நிற்பார். "சிமெண்ட் தரை, கால்ல குளிர் ஏறுது" என்பார். கோடையிலும் ஏறியது. அந்தம்மா அவர் பக்கத்தில் நின்றால் சற்றுக் கூன் போட்டுத்தான் நிற்பாள். முதுகு வலி என்று நாங்களே முடிவுகட்டி, ஆளுக்கு ஒரு தைலம் சிபாரிசு செய்தோம். அவளும் மறுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் அந்தம்மாவைப் பெண் கேட்டு வந்தபோது, அவளுடைய அப்பா, "எம் பொண்ணு வளர்த்தி, அதுக்கேத்த ஆளாத்தான் பாக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். இவர் தடித்த அடி வைத்த பூட்ஸோடு நிமிர்ந்து நின்று, "ஐந்தடி எட்டங்குலம்" என்று சொல்லிவிட்டார். நிஜத்தில் ஐந்தடி நாலு. வாயிலிருந்து வந்த எட்டு அப்படியே அடையாள அட்டையிலும் ஏறிவிட்டது. அதன் பிறகு அந்த மனிதர் அளவு டேப்பைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குவார். தையல்காரரிடம்கூடப் பழைய சட்டையைக் கொடுத்தனுப்பித்தான் தைத்துக்கொள்வார். இது எப்படித் தெரியும் என்றால், தையல்காரர் எங்கள் தெருதானே.

கடைசி விதிதான் உயரப் பட்டை. வாசல் நிலையின் ஓரமாக, அடி அங்குலம் அச்சடித்த ஒரு வண்ணப் பட்டையை ஒட்ட வேண்டும். திருடிவிட்டு ஓடுகிறவன் அதைத் தாண்டும்போது தலை எந்தக் கோட்டில் இருந்தது என்று பார்த்துச் சொன்னால் போதும், "பெரிய ஆள் சார்" என்று உளற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டை தரையிலிருந்து தொடங்காது. நாலரை அடியில் தொடங்கி ஆறரையில் முடியும். எங்கே ஒட்டுவது என்பதை ஒட்டுகிறவர்தான் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஏங்க, அளவு டேப் எடுத்துட்டு வரட்டா?" என்று அந்தம்மா கேட்டாள்.

"டேப் எதுக்கு? ஆளே நிக்கிறேன். ஐந்தடி எட்டு. என் தலைக்கு நேரா எட்டை வச்சு ஒட்டு, வேலை முடிஞ்சுது" என்றார் பலகையண்ணன், நிலையில் முதுகை ஒட்டி நின்றபடி.

அந்தம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவர் தலைக்கு நேராக எட்டை வைத்து, கையால் நீவி, குமிழ் வராமல் ஒட்டினாள்.

முதலில் கண்டுபிடித்தது மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி. எங்கள் தெருவிலேயே குள்ளமான பெண்மணி, மருந்து அலமாரியின் மேல்தட்டுக்கு எப்போதும் ஸ்டூல் போட்டு ஏறுகிறவள். கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவள், ஸ்டூல் இல்லாமலே மேல்தட்டிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, எடுத்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அடுத்து டாக்ஸிக்காரர். சிகரெட் வாங்கிவிட்டு வந்து வண்டிக்குள் உட்கார்ந்ததும் தலை கூரையில் இடித்தது. வண்டிதான் சுருங்கிவிட்டது என்று மெக்கானிக்கிடம் போய்ச் சண்டை போட்டார். விஷயம் பரவியதும் தெரு கொதித்தது! அந்த வாரம் அந்தக் கடையில் தீப்பெட்டி விற்ற மாதிரி உலகத்தில் எங்கேயும் விற்றிருக்காது. ஒரே ஒரு மிட்டாய் வாங்க மூன்று பேர் சேர்ந்து போனார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மதிப்பு கூடியதாகச் சொன்னார். ஏற்கெனவே நெட்டையாக இருந்த தபால்காரர் மட்டும் கடைக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தார், அவருக்கு வேண்டியதை அவர் மனைவி போய் வாங்கி வந்தாள், வந்த பிறகு வீட்டில் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. தையல்காரருக்கு மூச்சு விட நேரமில்லை. தெரு முழுக்கக் கால்சட்டைகள் கணுக்காலுக்கு மேலே நின்றன. போலீஸ் தேர்வில் இரண்டு அங்குலம் போதாமல் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்த சலூன்காரர் மகன், ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு நேரே தேர்வுக்குப் போய்த் தேறிவிட்டான். அவனுக்குப் போட்ட வேலையும் எங்கள் தெருவிலேயே ரோந்து.

தபால்காரரை விட்டால், வளராமல் நின்றது ஒரே ஒருவர்தான். பலகையண்ணன் முன்வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு உள்கதவு, வெளியே போக வேண்டுமென்றால் பின்சந்து. பட்டையின் கீழே தான் நின்றால், அது தன்னைப் பற்றி என்ன சொல்லிவிடுமோ என்ற பயம். "நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்கண்ணே" என்று நர்ஸ் கூப்பிட்டதற்கு, "இருக்கிற உயரமே போதும்மா" என்று பலகையின் மேலிருந்து பெருந்தன்மையாகச் சொன்னார்.

அப்புறம் திருடன் வந்தான். சட்டம் யாருக்காக வந்ததோ அவனே வந்துவிட்டான் என்பதில் தெருவுக்கு ஒரு திருப்தி. இரவுக்கடைக்காரர்களுக்கென்று நடத்திய பயிற்சி வகுப்பில் சொன்னபடியே இருவரும் எதிர்க்கவில்லை, கல்லாவில் கிடந்த சில்லறையைக் கொடுத்தார்கள், பட்டனை அழுத்தினார்கள், அவன் ஓடும்போது பட்டையைப் பார்த்தார்கள். ஐந்தடி பதினொன்று. வரும்போது குனியாமல் கடந்து வந்த பேருந்து நிறுத்தத்துத் தகரக்கூரை, போகும்போது அவன் நெற்றியில் பதிந்தது. விழுந்து கிடந்தவனைச் சலூன்காரர் மகன் போய் எழுப்பினான்.

ஆனால் திருடனுக்கு ஒரு வக்கீல் வாய்த்தார், பொல்லாத ஆள். "என் கட்சிக்காரரின் ஓட்டுநர் உரிமத்தில் ஐந்தடி ஏழு. சாட்சி சொல்வது ஐந்தடி பதினொன்று. ஒன்று, ஆள் மாறிவிட்டது, இல்லையென்றால் பட்டை பொய்" என்று எழுதிப் போட்டார். பட்டை பொய் என்றால் விதியை மீறிய கடை, விதியை மீறினால் இரவு அனுமதி ரத்து. பகலில் அந்தக் கடையில் ஈ ஓட்டத்தான் ஆள் வேண்டும், வியாபாரம் முழுக்க ராத்திரிதான். அதிகாரி வந்து அளந்து பார்ப்பார் என்று தகவல் வந்ததும் பலகையண்ணன் முகம் வெளிறிப்போனது. கடை போய்விடும் என்பது பாதி பயம். யாரை வைத்து ஒட்டினீர்கள் என்று கேட்டால், இத்தனை வருஷத்துப் பொய் பெண்டாட்டி முன்னால் அவிழுமே என்பது மீதி. பின்சந்தில் டாக்ஸிக்காரரிடம் மட்டும் மனம்விட்டுச் சொன்னார். டாக்ஸிக்காரர் எங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் கத்தியோடு பட்டையைச் சுரண்டப் போனதை, விளம்பரத் தாள் இல்லாத கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்தோம். சலூன்காரர் வெளியிலிருந்து, "அண்ணே, பட்டையை எடுத்தா எம் பையன் வேலை போயிரும்ண்ணே!" என்று கத்தினார். அந்தம்மா வந்து கத்தியை வாங்கினாள்.

"ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும்."

"இல்ல, கொஞ்சம் கோணலா இருக்கு…"

"கோணல் எதுன்னு எனக்குத் தெரியும். விடுங்க."

அதிகாரி மறுநாள் காலையில் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் இரும்பு டேப். கேமராவைப் பார்த்தார், பெட்டியை அசைத்துப் பார்த்தார், விளக்கைப் போட்டு அணைத்தார். எல்லாம் சரி. கண்ணாடிக்கு வெளியே தெருவே நின்றது, உயரமான தெரு. பிறகு டேப்பைத் தரையில் வைத்து இழுத்தார். ஐந்தடி எட்டு என்ற கோடு, ஐந்தடி நாலில் இருந்தது.

"நாலு அங்குலம் தப்பு. யாரை வச்சும்மா ஒட்டுனீங்க?"

"எங்க வீட்டுக்காரரை வச்சு."

"அவர் உயரம்?"

"ஐந்தடி எட்டு" என்றாள், கண் இமைக்காமல்.

அதிகாரி பலகையின் மேல் நின்றவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "சார், கொஞ்சம் இறங்குங்க." அவர் இறங்கினார். அளந்து பார்க்கவே தேவையில்லாமல் இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், எழுதுறதுக்கு முன்னாடி விதியைக் கொஞ்சம் படிங்களேன். எனக்கு வகுப்புல மனப்பாடம் ஆயிருச்சு, இருந்தாலும் நீங்க படிச்சா நல்லாருக்கும்."

அவர் சலிப்போடு படித்தார்: கடையை விட்டு வெளியேறும் நபரின் உயரத்தைப் பட்டை சரியாகக் காட்ட வேண்டும்.

"சுவரைப் பத்தி ஒண்ணும் சொல்லல பாருங்க. வெளியேறுற ஆளைப் பத்தித்தான் சொல்லுது. ஆள் வெளியேறட்டும், அப்புறம் அளங்க." புருஷன் பக்கம் திரும்பினாள். "போங்க."

பலகையண்ணன் வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டார். கதவு திறந்திருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"நான் ஐந்தடி நாலுதான்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பூட்ஸைக் கழட்டுன நாள்லேர்ந்து. போங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு நிலையைத் தாண்டினார். தலை எட்டில் உரசிக்கொண்டு போனது. தெருவில் கால் வைத்ததும் சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியது, கால்சட்டை கணுக்காலை விட்டது, செருப்புக்கு வெளியே குதிகால் வந்தது. அதிகாரி ஓடிவந்து அளந்தார். ஐந்தடி எட்டு. நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். டேப்பை உதறிவிட்டு அளந்தார். பிறகு உள்ளே போய், தானே பட்டையைத் தாண்டி வெளியே வந்து, தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். 'பட்டை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெரு போட்ட விசிலில் மருத்துவமனைக் காவலாளி சண்டை என்று நினைத்து ஓடிவந்தார். சலூன்காரர் அன்றைக்கு யாரிடமும் சவரத்துக்குக் காசு வாங்கவில்லை.

இந்த ஆரவாரத்தில் அந்தம்மா கடைசியாக வெளியே வந்ததைப் பலர் கவனிக்கவில்லை. வந்தாள், புருஷன் பக்கத்தில் நின்றாள், இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நிமிர்ந்தாள். நிமிர்ந்துகொண்டே போனாள். முடிவில் அவரைவிட ஒரு அங்குலம் மேலே போய் நின்றாள். நாங்கள் சிபாரிசு செய்த தைலங்களையெல்லாம் நினைத்து எங்களுக்கே வெட்கமாகப் போயிற்று.

பலகையண்ணன் அண்ணாந்து பார்த்தார். "முதுகு வலி?"

"இனிமே இல்ல."

திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. சிறையில் கொடுத்த கால்சட்டை குட்டையாக இருப்பதாக மனுப் போட்டிருக்கிறான். பேருந்து நிறுத்தத்துக் கூரையை நகராட்சி நான்கு அங்குலம் உயர்த்தியது, தையல்காரர் எல்லாக் கால்சட்டையிலும் மடிப்புத் துணி கூடுதலாக விட்டே தைக்கிறார், தபால்காரர் ஒருவழியாகக் கடைக்குப் போய் வந்துவிட்டார். கடைக்குள் பலகையண்ணன் இப்போதும் ஐந்தடி நாலுதான். பக்கத்தில் அந்தம்மா ஒரு அங்குலம் கூடுதலாக, நேராக நிற்கிறாள். பலகையின் மேல் சோப்பு அடுக்கியிருக்கிறார்கள்.