திமோத்தி யஹோலாவின் கல்லறை வீட்டில் கூடிய அறைகள்

கொலீன் ஸ்டாஃபர்ட் தொலைக்காட்சியில் தோன்றி, தன் கொள்ளுத் தாத்தா திமோத்தி யஹோலா என்கிற, எங்கள் மஸ்கோகிப் பழங்குடியைச் சேர்ந்த அமெரிக்க இந்தியர் என்று சொன்ன வியாழக்கிழமை சாயங்காலம், எங்கள் ஹிக்கரி ஸ்பிரிங் தேவாலயத்துக் கல்லறையில் அந்தத் திமோத்தியின் வீட்டுக்கு இரண்டாவது அறை முளைத்தது. அதுவரைக்கும் அது மற்றவர்களுடைய கல்லறை வீட்டைப் போலத்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் செத்தவர்களை மழையில் நனைய விடுவதில்லை. புதைத்த மேட்டின் மேல் இடுப்புயரத்துக்குப் பலகையடித்து, சரிவாகக் கூரை போட்டு, ஒருவர் படுக்கிற நீளத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடுவோம். திமோத்தியின் வீடு வெயிலில் சாம்பல் நிறமாகிப் போன பழைய வீடு. புதிதாக வந்த அறையோ வெள்ளை வர்ணமும் கண்ணாடிச் சன்னலும் முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரமும் தாழ்வாரத்தில் ஒரு ஊஞ்சலுமாக, பெயின்ட் வாசனை போகாமல் நின்றது. யார் ஆணியடித்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை. தேவாலய மூப்பர் வில்பர்ன் பீவர் வந்து குனிந்து பார்த்து, தச்சு வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, பக்கத்துக் கல்லறையைத்தான் கொஞ்சம் இடிக்கிறது என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அந்த வாரம் வைக்கோல் விலை ஏறியிருந்ததால் பேச்சு அதைப் பற்றித்தான் அதிகம் இருந்தது.

கொலீன், எங்கள் ஓக்லஹோமாவின் டல்ஸா நகரப் பக்கத்து வக்கீல். வாஷிங்டன் செனட்டுக்கு நின்றாள். அவளுடைய அம்மா சமையலறையில் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி, கன்னத்து எலும்பைப் பார், இது இந்திய எலும்பு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாளாம். ஓக்லஹோமாவில் பாதி வெள்ளைக்காரக் குடும்பங்களில் இப்படி ஒரு எலும்பு இருக்கிறது. எதிர்த்து நின்றவனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. அவனுடைய ஆட்கள் கூட்டத்துக்குக் கூட்டம் கோழி இறகைத் தலையில் செருகிக்கொண்டு வாயில் கையை அடித்து ஊளையிட்டார்கள். எச்சிலைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்து காட்டு என்றான் ஒருவன். எத்தனையில் எத்தனை பங்கு ரத்தம் என்று பத்திரிகைகளில் கணக்குப் போட்டார்கள். எங்கள் நேஷனின், அதாவது மஸ்கோகிப் பழங்குடி அரசின், தலைமை அலுவலகம், இன்னார் எங்களவர் என்பது எச்சிலை வைத்துத் தீர்மானிக்கிற விஷயமில்லை என்று பொறுமையாக ஒரு அறிக்கை விட்டது. அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அதற்குள் கொலீனுக்கு ஆதரவாக நாடெங்கும் ஆளாளுக்குக் கிளம்பி, நானும் திமோத்தி யஹோலாவின் வம்சம்தான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்லச் சொல்ல அறை கூடியது. கலிஃபோர்னியாவில் ஒரு பல் டாக்டர் சொன்னதற்கு மாடியும் பால்கனியும் வந்தன. டெக்ஸஸில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் சொன்ன அன்று கார் நிறுத்தும் கொட்டகை வந்தது. வரி போடலாமா என்று பார்க்க மாவட்டத்து ஆள் ஒருவர் அளவு நாடாவோடு வந்து, எதை எங்கிருந்து அளப்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார். கடைசியில் பக்கத்துக் கல்லறைகள் நான்கைந்தின் மேல் நிழல் விழுகிற அளவுக்கு அது ஒரு மாளிகையாகிவிட்டது. நடுவில் மட்டும் அந்தச் சாம்பல் நிறப் பழைய அறை அப்படியே இருந்தது.

"உசுரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கு ஒரு வாய் சோளக்கஞ்சி ஊத்த நாதியில்ல," என்றார் பெட்ரோல் பங்க் வாசலில் உட்காரும் சோலமன் டைகர். "இப்பப் பாரு, சொந்தக்காரங்க தொல்ல தாங்கல. நல்ல வேளை, செத்துட்டாரு."

உண்மையில் அவருக்கு நாதி இருந்தது. கல்லறைக்கு எதிரே, தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தது. வெர்டெல் கிரேசனும் அவள் தம்பி ஆர்லனும் கறுப்பர்கள். எங்கள் முன்னோர்களிடம் அடிமையாக இருந்தவர்களின் வம்சம். எங்களிடமும் அடிமைகள் இருந்தார்கள். இதைச் சொல்லும்போது எங்கள் ஊரில் இருமல் வராத ஆள் குறைவு. விடுதலைக்குப் பிறகு திமோத்தி யஹோலா, டெல்ஃபி என்ற கறுப்புப் பெண்ணோடு குடித்தனம் நடத்தினார். மகள் பிறந்தாள். ஆர்மின்டா என்று பெயர் வைத்து, தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தார். ஊரே பார்த்தது. பின்னால் அரசாங்கத்து ஆட்கள் கூடாரமடித்து எங்களைக் கணக்கெடுத்தபோது முகத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். ஆர்மின்டாவின் நிறத்தைப் பார்த்து கறுப்பர் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள், அப்பா யார் என்று கேட்கவேயில்லை. எத்தனை பங்கு இந்திய ரத்தம் என்று எழுத அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது. அதற்கப்புறம் அவள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சாலையின் அந்தப் பக்கத்துக் கல்லறை என்றாகிவிட்டது. வெர்டெலும் ஆர்லனும் ஆர்மின்டாவின் மகள் வயிற்றுப் பிள்ளைகள்.

வெர்டெல் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் முதுகைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். நெட்டையான பெண்; பஸ்ஸுக்குள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொலீன் தேர்தலுக்கு நின்ற அந்த வசந்தத்தில் அவளுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. இலையுதிர் காலம் வரை தாங்கலாம் என்றார் டாக்டர். அவள் அழவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். செத்தால் திமோத்தியின் கால்மாட்டில், எங்கள் கல்லறையின் வேலிக்குள் தன்னைப் புதைக்க வேண்டும்.

அதைக் கேட்கத்தான், தேவாலயத்தில் வசந்தந்தோறும் நடக்கிற காட்டு வெங்காய விருந்தன்று, முட்டையோடு வதக்கிய வெங்காயத்தை எல்லோரும் தட்டில் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வில்பர்ன் பீவரிடம் வந்தாள். ஆர்லன் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வெர்டெல், உனக்குத் தெரியாதா? வேலிக்குள்ள குடும்பத்துக்காரங்க மட்டும்தான்," என்றார் வில்பர்ன்.

"நான் யாரு?"

"நீ நல்ல பொண்ணு. அத யாரு இல்லன்னா?"

"நல்ல பொண்ணான்னு கேக்கல அண்ணே. யாருன்னு கேட்டேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒரு கல்லறை வீட்டுக் கூரைய யாரு தொடலாம்? நீங்களே சொல்லுங்க."

வில்பர்ன் வாயிலிருந்த வெங்காயத்தை மென்று விழுங்கினார். கல்லறை வீட்டில் அந்தக் குடும்பத்து ஆளைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வைத்தால் வைத்தவன் வீட்டுக்கு ஆகாது. திமோத்தியின் மற்ற வாரிசுகள் எப்போதோ கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் வீட்டுக் கூரைப்பலகை உளுத்தபோதெல்லாம் ஏறி மாற்றியவன் ஆர்லன்தான். இருபது வருஷமாக நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் தடுக்கவில்லை. தடுக்காதது எதை ஒப்புக்கொண்டதாகும் என்று ஒருவருக்கும் உறைக்கவுமில்லை.

"அது... கூலி வேலை," என்றார் வில்பர்ன் கடைசியில்.

"யாரு குடுத்தா கூலி?" என்றான் ஆர்லன். அன்று அவன் பேசியது அவ்வளவுதான். வில்பர்ன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கமிட்டியில் பேசலாம் என்றார். எங்கள் ஊரில் கமிட்டியில் பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று வெர்டெலுக்குத் தெரியும்.

ஜூலையில் கொலீன் ஸ்டாஃபர்ட் கேமராக்களோடு வந்தாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வெயிலில் முகம் சிவந்து, எல்லோரிடமும் கை குலுக்கி, கொடுத்த புளித்த சோளக்கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தாள். தனக்கு முளைத்த அறையின் முன்னால் மண்டியிட்டபோது நிஜமாகவே அழுதாள். அம்மா சொன்னது பொய்யில்லை, பார்த்தீர்களா என்றாள். வெர்டெல் அப்போது நன்றாக இளைத்திருந்தாள். ஆர்லன் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்து, தான் ஆர்மின்டாவின் பேத்தி என்று சொல்லி, ஒரே ஒரு உதவி கேட்டாள்.

"மேடம், நீங்க ஒரு வார்த்த சொன்னா இவங்க கேப்பாங்க. இவளும் அவரு ரத்தம்தான்னு கேமரா முன்னாடி சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

கொலீன் அவளைக் கட்டிக்கொண்டாள். "நாம சொந்தக்காரங்க, வெர்டெல்! கண்டிப்பா சொல்றேன்," என்றாள். அதற்குள் டை கட்டிய அவள் ஆள் ஒருவன் அவள் காதில் ஏதோ சொன்னான். கறுப்பர் விவகாரத்தில் மூக்கை நுழைத்தால் நேஷன் கோபித்துக்கொள்ளும் என்று சொல்லியிருப்பான். பிறகு பேசலாம் என்று கொலீன் வெர்டெலின் கையை அழுத்திவிட்டு வண்டியில் ஏறினாள். அன்றைய செய்தியில் கஞ்சி குடித்ததைக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் வெர்டெல் அதைச் செய்தாள். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து நின்று, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "திமோத்தி யஹோலா என் கொள்ளுத் தாத்தா," என்றாள். பெட்ரோல் பங்க் சோலமனிலிருந்து பாதிரியார் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை சபை நடுவில் எழுந்து நின்று சொன்னதில்லை. கூட்டம் மொத்தமும் எழுந்து வெளியே போய்க் கல்லறை வீட்டைப் பார்த்தது. பல் டாக்டர் சொன்னபோது பத்து நிமிஷத்தில் பால்கனி வந்தது. நாங்கள் வெயிலில் காத்துக்கொண்டு நின்றோம். பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டோம். பிள்ளைகளுக்குப் பசி வந்தது. அறை வரவில்லை. ஒரு சன்னல்கூட வரவில்லை. ஒரு பலகைகூட அசையவில்லை.

"பாத்தியா? அவரே சொல்லிட்டாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை எழுதி இந்தக் காகிதத்தை அழுக்காக்க வேண்டாம்.

வெர்டெல் கடைசியாகத்தான் அங்கிருந்து போனாள். "டேய் ஆர்லன், கால் வலிக்குது, வீட்டுக்குப் போலாம்," என்றாள். அதற்குப் பிறகு அவள் சாலையைக் கடந்து வரவில்லை. சமையலறைச் சன்னலிலிருந்து அந்த மாளிகை தெரியும் என்பதால் சன்னலுக்குப் போர்வை கட்டச் சொன்னாள். ஆர்லன் என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். "எல்லாரையும் சேத்துக்கிட்டாருடா," என்றாளாம் ஒரு தடவை. "எவன் எவனையோ சேத்துக்கிட்டாரு. என்ன மட்டும் பிடிக்கலபோல."

செப்டம்பரில் கொலீன் தொலைக்காட்சியில் மறுபடி தோன்றி, அது வீட்டில் சொன்ன கதை, தீர விசாரிக்காமல் பேசிவிட்டேன், மஸ்கோகி மக்கள் மன்னிக்க வேண்டும் என்றாள். அவளுடைய அறை விழவில்லை. யாருடைய அறையும் விழவில்லை. நவம்பரில் அவள் சொற்ப ஓட்டில் ஜெயித்தாள். அதே வாரம் வெர்டெல் இறந்தாள். கமிட்டி அதுவரை பேசியிருக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், கல்லும் கட்டையும் கிடக்கிற கறுப்பர் கல்லறையில் அவளைப் புதைத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் போனோம். அவள் ஓட்டிய பஸ்ஸில் போனவர்கள்தானே. வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். அதுதான் எங்களுக்குக் கடைசிக் கைகுலுக்கல். வில்பர்ன் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை, நாங்கள் இரண்டாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, வெளியே மரம் முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தோம். மாளிகையின் நடுவிலிருந்து திமோத்தியின் பழைய சாம்பல் நிற வீடு தன்னைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தது. மற்ற அறைகள் நடுவில் பள்ளத்தோடு அப்படியே நின்றன. அது வேலியைச் சாய்த்துக்கொண்டு, புல்லில் இழுபட்டு, தார்ச்சாலைக்கு வந்தது. மாடு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தான். பிறகு இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அது கடக்கும் வரை காத்திருந்தான். மெதுவாகத்தான் கடந்தது, வயசான வீடு. வெர்டெலின் புது மேட்டின் மேல் போய் அமர்ந்தது. நாங்கள் பாட்டை முடித்தோம்.

சமையலறைச் சன்னலின் போர்வையை விலக்கி ஆர்லனும் பார்த்திருக்கிறான். அவன் ஓடி வந்து செய்தது நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. அந்த வீட்டை எட்டி உதைத்தான். பூட்ஸ் காலால், திரும்பத் திரும்ப.

"அவ உசுரோட இருந்தப்ப ஒரு சன்னல் வச்சிருந்தா என்னய்யா?" என்று கத்தினான். "ஒரே ஒரு சன்னல்! அவ வெயில்ல நின்னாளேய்யா!"

வில்பர்ன் சாலையைக் கடந்து போய் அவன் தோளைப் பிடித்தார். ஆர்லன் தட்டிவிட்டான். அவர் அங்கேயே நின்றார். விருந்தாளி வந்தால்தான் புது அறை கட்ட வேண்டும், வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று திமோத்தி நினைத்திருக்கலாம் என்று பிற்பாடு பாதிரியார் சொன்னார். இருக்கலாம். அதை அவளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வெர்டெல் நெட்டை என்று சொன்னேன் அல்லவா, மேட்டின் கால்பக்கம் கொஞ்சம் கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாரக் கடைசி மழைக்கு முன்னால் வீடு அந்தப் பக்கம் அவ்வளவுக்கு நீண்டுவிட்டது. கமிட்டி கூடி, சாய்ந்த வேலியை மறுபடி நிமிர்த்த வேண்டாம் என்று மட்டும் தீர்மானித்தது. இந்தப் பக்கத்து மாளிகையைப் பார்க்க இன்னமும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், படமெடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஏன் பள்ளம் என்று கேட்டால் வீட்டுக்காரர் குடி போய்விட்டார் என்கிறோம்.

ஆர்லன் பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு பிற்பகல், புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய், அதை ஓட்டாமல் வீட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாலையோரம் நடந்து போன என் காதில் விழுகிற அளவுக்குத்தான் பேசினான்.

"அக்கா, தாத்தா வந்துட்டாரு. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

பிறகு எழுந்து புல்லை வெட்ட ஆரம்பித்தான்.