ஏழாம் எண்ணின் கடைசிப் பதிவு

உயிர்மருத்துவப் பொறியியல் துறையில் காலியாக இருந்த ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் இடத்துக்கு நூற்றுப் பதினான்கு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். மூன்று மாதம் சலித்ததில் இருவர் எஞ்சினார்கள். செயற்கை இரத்தக்குழாய்களில் ஆய்வு செய்யும் பெண் திங்களன்று வந்து, தெளிவாகப் பேசிவிட்டுப் போனாள். செவ்வாயன்று வந்தவன் தொண்டையில் ஒட்டும் ஒரு பட்டையோடு வந்தான்.

இரண்டு விரல் அகலம்தான் அது. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் திறனை இழந்தவர்களின் தொண்டையில் ஒட்டினால், ஒவ்வொரு மடக்கும் உணவுக்குழாயில் இறங்கியதா, மூச்சுக்குழாயின் பக்கம் வழிதவறியதா என்று ஒலியை வைத்தே சொல்லிவிடும். “நமக்குப் புரையேறினால் இருமுகிறோம். இருமக்கூட மறந்துவிட்ட உடல்களுக்காக இதைச் செய்தேன்” என்று அவன் சொன்னபோது, தேர்வுக்குழுவின் தலைவியான பேராசிரியை தன் குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தை எழுதி அடிக்கோடிட்டார். அவனுடைய தற்காலிக ஆய்வாளர் பணி மாத இறுதியில் முடிகிறது என்பதையும், அதன்பின் இந்தப் பட்டைக்கு ஆய்வகமோ நோயாளிகளோ இருக்கப்போவதில்லை என்பதையும் அவர் கோப்பில் படித்திருந்தார். இந்த வேலை கிடைத்தால் பட்டை பிழைக்கும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு மேசை இழுப்பறைக்குப் போகும்.

கேள்வி நேரம் வந்ததும் மின்னணுவியல் பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சல்லடை. அது காதில் விழுந்த அன்று அவர் கோபப்படவில்லை. “ஓட்டை இருக்கறதாலதானய்யா சல்லடைக்கே மரியாதை” என்றாராம்.

“தம்பி, மொத்தம் பதினோரு நோயாளி. பத்துப் பேருக்குத் தொண்ணூறு நாள் ஓடுது. இந்த ஏழாம் நம்பர் மட்டும் அறுபத்து மூணோட நிக்குதே, ஏன்?”

“தொடர முடியல சார்.”

“அவங்களாலயா, உங்களாலயா?”

அவன் திரையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான். “அவங்களால.”

“சரி, இன்னொண்ணு. மத்தவங்களுக்கு வாரத்துக்கு ரெண்டே பதிவு. இவங்களுக்கு மட்டும் தினமும் மூணு வேளை. ஞாயித்துக்கிழமைகூட விடல. அப்படி என்ன சம்பந்தி வீட்டு ஆளா இவங்க?”

அறை சிரித்தது. அவனும் சிரிக்க முயன்றான்.

“அனுமதி வாங்கித்தான் சார் எடுத்தேன். நெறிமுறைக் குழுவோட கடிதம் பின்னிணைப்புல இருக்கு. அதுக்கு மேல அந்த நோயாளியப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது. எழுதிக் குடுத்திருக்கேன்.”

“ஒரு கதவத் தட்டினா அடுத்த கதவையும் பூட்டிடறாரே!” என்று சல்லடை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

பேராசிரியைக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஒரு கயிறு வீசிப் பார்க்கலாம் என்று நினைத்தார். “பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். ஏன் நின்னுச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். முடிவு சரியா வரலைன்னு நீங்களே கைவிட்டுட்டதா யாரும் நினைச்சுடக் கூடாது பாருங்க.”

“கடைசி நாள் வரைக்கும் எல்லாப் பதிவும் குடுத்திருக்கேன் மேடம். எதையும் ஒளிக்கல.”

மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்கியதை, அன்று காலை முழுதும் தொண்டைகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த குழுவின் ஐந்து பேரும் பார்த்தார்கள்.

அந்தத் துறையில் ஒரு விதி உண்டு. உரை முடிந்த அரைமணி நேரத்துக்குள், ஒருவரோடொருவர் பேசாமல், ஆளுக்கொரு தாளில் மதிப்பெண் எழுதிக் கையொப்பமிட்டு உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒட்டியதைப் பிறகு யாரும் திருத்த முடியாது. ஆறு ஆண்டுகளுக்கு முன், அப்போதைய துறைத்தலைவர் தம் அக்காள் மருமகனுக்காக மதிப்பெண்களை ராத்திரியோடு ராத்திரியாக வளர்த்துவிட்டபோது, தனியாளாக நின்று சண்டை போட்டு இந்த விதியைக் கொண்டுவந்தவர் பேராசிரியைதான். அதனால் அவருக்குப் பதவி உயர்வு இரண்டாண்டு தள்ளிப்போனது. அந்த விதியை அவர் தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிட நேசித்தார்.

ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்து. ஐந்தில் அவர் அவனுக்குத் தாராளமாகவே போட்டார். ‘வெளிப்படைத்தன்மை’ என்ற ஆறாவதில் பேனா நின்றது. நடந்ததை மட்டும்தான் மதிப்பிட வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு நான்கு என்று எழுதினார். உறையை ஒட்டி அலுவலகத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை இரும்பு அலமாரிக்குள் வைத்து, சாவியை வழக்கம்போல் கைப்பையின் உள்ளறையில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை, விண்ணப்பதாரர்கள் அனுப்பிய மூலத் தரவுகளைச் சோதிக்கும் வேலை குழுத்தலைவியுடையது. கணினியில் அவனுடைய கோப்புகளைத் திறந்தார். மேலே ஒரு குறிப்பு இருந்தது: குரலை வைத்து நோயாளியை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால், விழுங்கும் ஒலியைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு முன்னும் பின்னும் வரும் எல்லாவற்றையும் வெட்டிவிடும் ஒரு நிரல் எழுதப்பட்டிருக்கிறது, வெட்டப்படாத மூலங்கள் நெறிமுறைக் குழுவின் நிபந்தனைப்படி அழிக்கப்பட்டுவிட்டன.

ஏழாம் எண்ணைத் திறந்து, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார். முதல் நாள்: ஒரு சொடுக்கு, ஈரமான ஓர் இறக்கம், வெட்டு. நான்கே நொடி. இருபதாம் நாள் சொடுக்கு உறுதிப்பட்டிருந்தது. நாற்பதாம் நாள் கிட்டத்தட்ட நலமான தொண்டைதான் அது. யாரோ மூன்று வேளையும் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியிருக்கிறார்கள். ஐம்பதுக்குப் பிறகு தளர்ந்தது. அறுபத்து மூன்றாம் நாளின் கடைசிக் கோப்பு மட்டும் நான்கு நொடி நீளமில்லை. இரண்டு நிமிடம் பதினோரு நொடி.

கரண்டி கிண்ணத்தில் தட்டும் ஒலி. மூச்சு. பிறகு நேற்று அந்த அறையில் கேட்ட அதே குரல்.

“இன்னும் ஒரு தடவ. மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல.”

நீண்ட நேரம் எதுவும் இறங்கவில்லை. வாயை யாரோ துணியால் ஒற்றினார்கள். அதன்பின் ஒரு பெண்குரல், ஒவ்வோர் எழுத்தையும் மேட்டில் ஏற்றுவதுபோல் இழுத்து இழுத்துச் சொன்னது.

“போதும்டா... நீ சாப்ட்டியா?”

“ஆச்சும்மா.”

“பொய்யி.”

“சத்தியமா.”

“மூஞ்சியப் பாரு... பொய் சொல்ற மூஞ்சி.”

இருவரும் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு பாதியில் மூச்சாக மாறியது. பதிவு முடிந்தது.

பேராசிரியை அந்தக் கோப்பை இன்னொரு முறை ஓட்டவில்லை. நிரல் விழுங்கும் ஒலியைத் தேடியிருக்கிறது. அன்று அந்தத் தொண்டை எதையும் விழுங்கவில்லை. எங்கே வெட்டுவதென்று தெரியாமல் நிரல் அனைத்தையும் அப்படியே விட்டுவிட்டது. அறுபத்து மூன்று நாள் ஏன், ஞாயிற்றுக்கிழமை ஏன், தினமும் மூன்று வேளை ஏன் என்பதற்கெல்லாம் விடை அந்த இரண்டு நிமிடத்தில் இருந்தது. அந்த விடையை யாரிடமும் சொல்லும் உரிமை அவருக்கும் இல்லை.

வியாழனன்று உறைகளைப் பிரிக்கும் முன் அவர் கேட்டார்: “ஒரு மதிப்பெண்ண நான் திருத்தணும்னு நினைக்கிறேன்.”

சல்லடை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “விளையாடறீங்களா மேடம்? விதியப் பெத்த தாயே நீங்கதான்.”

“தெரியும்.”

“காரணம் என்ன? புதுசா ஏதாவது கிடைச்சுதா?”

வாய்வரை வந்தது. ஏழாம் எண் அவனுடைய அம்மா என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அவன் அந்த அறையில் அத்தனை சிரிப்புக்கும் நடுவில் தண்ணீர் குடித்தான்.

“சொல்லக் கூடாது” என்றார்.

“நீங்களுமா!” என்று சல்லடை கைகளை விரித்தார். அதில் கேலியைவிட வருத்தமே அதிகமிருந்தது. “அப்ப விதிப்படியே போயிடலாம் மேடம். இன்னிக்கு உங்களுக்காக வளைச்சா நாளைக்கு எவனோ மச்சானுக்காக வளைப்பான்.”

அவர் சொன்னது சரி. உறைகள் பிரிக்கப்பட்டன. முந்நூறுக்கு அந்தப் பெண் இருநூற்று நாற்பத்தொன்று, அவன் இருநூற்று முப்பத்தெட்டு. மூன்று மதிப்பெண். அந்தப் பெண் தகுதியில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது, பேராசிரியையும் சொல்லவில்லை. ஆறாவது தலைப்பில் தன் கையெழுத்தில் இருந்த நான்கை மட்டும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடைக்காதவர்களுக்குக் கடிதம் போகும் முன் தானே தொலைபேசியில் சொல்வது அவர் வழக்கம். அன்று பிற்பகலே அழைத்தார்.

“பரவாயில்ல மேடம்” என்றான், அவர் முடிக்கும் முன்பே. “நீங்களே கூப்பிட்டுச் சொன்னதுக்கு நன்றி. மத்த இடத்துல மெயில்கூட வராது.”

“உங்க வேலை ரொம்ப நல்ல வேலை. வாய் உபசாரமா சொல்லல.”

“சரிங்க மேடம். டேட்டாவ மட்டும் உங்க கம்ப்யூட்டர்லேருந்து அழிச்சிடுங்க.”

“அழிச்சிடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ஏழாம் நம்பரோட கடைசிப் பதிவ நீங்க கேட்டிருக்கீங்களா?”

“இல்ல மேடம். அதுல என்ன இருக்கப் போகுது. கிராஃபே தட்டை.”

“அது வெட்டுப்படல.”

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. “வாய்ப்பே இல்ல மேடம். அந்த ப்ரோக்ராம் முதல்ல விழுங்கற சத்தத்தத் தேடும். அது கிடைச்சா முன்னயும் பின்னயும்... கிடைக்கலைன்னா...” பொறியாளனாகத் தொடங்கிய வாக்கியத்தை அவன் பொறியாளனாக முடிக்கவில்லை.

அவர் காத்திருந்தார்.

“பேசறாங்களா?”

“பேசறாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல.”

“அவங்க போனப்புறம் அந்தக் குரல் வேற எங்கயுமே இல்ல மேடம். எல்லாத்தையும் நானேதான் அழிச்சேன்.” மூச்சை இழுத்துக்கொண்டான். “அப்ப என்கிட்ட இருக்கற காப்பியையும் வெட்டணும். ஒரே ஒரு தடவ கேட்டுட்டு வெட்டிடறேன்.”

வெட்ட வேண்டாம் என்று சொல்லவே அவர் வாயைத் திறந்தார். நேற்றுவரை இருந்த பேராசிரியையிடம் விதியை மீறச் சொல்லும் அந்தச் சொல் இல்லை. இன்று இருப்பவர் அதைத் தேடி எடுப்பதற்குள் அவன் “வைக்கறேன் மேடம்” என்று வைத்துவிட்டான்.

திரையில் அவனுடைய கோப்புறை திறந்திருந்தது. விதிப்படி இன்றே அழிக்க வேண்டும். மற்ற பத்து எண்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். ஏழின் மேல் சுட்டியை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவன் இப்போது காதில் மாட்டியிருப்பான். கரண்டி கிண்ணத்தில் தட்டும். வெளியே தாழ்வாரத்தில் யாரோ அலமாரியைச் சாத்தினார்கள். நொடிமுள் இரண்டு சுற்றும், பதினோரு நொடியும் கடக்கும்வரை அவர் விரலை அசைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அழித்தார்.