அழுத்திய கை

எப்பேர்ப்பட்ட கொம்பனும் தன் முன்னால் தலையைக் குனிந்துதான் ஆகவேண்டும் என்று அந்த முடிவெட்டுகிறவர் கடையில் பீற்றிக்கொள்வார். பிடரியை மழிக்க வேறு வழி ஏது? பிறவியிலேயே எலும்பு வளர்ச்சிக் குறையோடு, ஒன்பது வயதிலும் நாலு வயது உயரமே இருந்த மகளுக்கும் அதே நியாயம்தான். மாதம் ஒருமுறை நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்து, உச்சந்தலையைப் பிடித்து அழுத்துவார்.

"அப்பா, கையெல்லாம் மரத்துப்போகுது."

"உனக்குச் சாக்குச் சொல்லவா தெரியாது? ஆடாம குனி."

அப்புறம் அவள் கையிலிருந்து பென்சில் நழுவியது. நடக்கையில் கால் பின்னியது. சோம்பேறிக் கழுதை என்று அதற்கும் திட்டினார்.

இன்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "கழுத்துல மேல இருக்கற ரெண்டு எலும்புக்கும் நடுவுல பிடிப்பு இல்ல. குனிஞ்சா எலும்பு நழுவி, தண்டுவடத்த நசுக்குது. ஆபரேஷன் பண்ணித்தான் நிறுத்தணும். யாராவது தலைய அழுத்தினாங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார் அவர். வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

நர்ஸ் அவள் கழுத்தில் பட்டை மாட்டிவிட்டுப் போனாள். மனசு கேட்காமல், மகளின் தலையைத் தடவிக்கொடுக்க அவர் கையை நீட்டினார். கை உச்சியில் பட்டதும் அவள் வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டு குனியப் பார்த்தாள். பட்டை தடுத்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தார்.